அம்பு காட்டும் இடம்

எண்ணூர் நெடுஞ்சாலையில் டயர் கடைக்கு மாடி.
டிரெய்லர் ஒன்று திரும்பினால்
மேசை நடுங்கும், மவுஸ் நடுங்கும்,
பதிவாகிக்கொண்டிருக்கும் என் குரலும்
'இப்போது பச்சை பட்டனை' என்ற இடத்தில்
ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்.

ஓட்டுநர்கள் கேட் பாஸ் எடுப்பது எப்படி.
நான்கு நிமிடம். நாற்பத்தொரு ஸ்லைடு.

முதலில் திரையைப் படம் பிடிப்பேன்.
அதன் மேல் பொருள்களை வைப்பேன்.
பொருள் என்றுதான் மென்பொருள் அவற்றை அழைக்கிறது,
எடையே இல்லாவிட்டாலும்.
ஒரு மஞ்சள் அம்பு.
ஒரு சிவப்புக் கட்டம்.
வால் முளைத்த குமிழி, அதற்குள் 'இங்கே'.
சுற்றிலும் எல்லாவற்றையும் மங்கவைத்து
ஒன்றை மட்டும் வெளிச்சத்தில் விடும் கறுப்பு.

அம்புக்கு மூன்று வினாடி, கட்டத்துக்கு நாலரை.
காலக்கோட்டில் நீலப் பட்டைகளாய்ப் படுத்திருக்கும்.
ஓரத்தைப் பிடித்து இழுத்தால்
இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகும்.
ஒன்றின்மேல் ஒன்று ஏறினால்
வலது கிளிக், 'பின்னால் அனுப்பு'.
சண்டையில்லாமல் பின்னால் போகும் வரிசை
இந்தச் சாலையில்
எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

மாதிரிப் படிவத்துக்கு ஒரு பெயர் வேண்டும்.
கீழே பஞ்சர் ஒட்டக் காத்திருந்த தேசப்பனிடம் கேட்டேன்.
"என் பேரா? போட்டுக்கோ.
வண்டி நம்பர மட்டும் மாத்திப் போடு, கேஸு கீது."

ஆடியில் புது பதிப்பு வந்தது.
பச்சை பட்டன் இரண்டு விரற்கடை கீழே இறங்கியது.
எனக்கு யாரும் சொல்லவில்லை.
ரேஷன் கடை தெரு மாறியது தெரியாமல்
பையோடு பழைய ஷட்டர் முன் நிற்பவள் மாதிரி
என் அம்பு நின்றது,
மூன்று வினாடி, மூன்று வினாடி,
நாள் முழுக்க.

தேசப்பன் மாடியேறி வந்தார். கையெல்லாம் கிரீஸ்.
"இன்னாம்மா, நீ அம்பு வுட்ட எடத்துல ஒன்னியுமே இல்ல.
அமுக்கி அமுக்கி வெரலு தேஞ்சிபோச்சி.
பின்னால நாப்பது வண்டி, ஆரன் அட்ச்சிகினு கீறானுங்கோ."

போய்ப் பார்த்தேன்.
கேட்டுக்குப் பக்கத்தில் கம்பத்தில் பொருத்திய திரை.
மேலே ஒரு மூலையில் என் படம் ஓடுகிறது, குரல் பள்ளத்தில் இறங்குகிறது.
கீழே நிஜத் திரையில்,
பழைய பட்டன் இருந்த வெற்றிடத்தில்,
கண்ணாடிமேல் ஒரு கறை.
கிரீஸ், கரித்தூள், வியர்வை.
ஒரு கட்டைவிரலின்மேல் இன்னொரு கட்டைவிரல்.
எந்த விரல் முன்னால், எந்த விரல் பின்னால்
என்று பிரிக்க முடியாதபடி
நூறு பேர் சேர்ந்து வரைந்த சாம்பல் வட்டம்.
நான் வைக்காத பொருள்.
இரண்டு விரற்கடை கீழே
பட்டன் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று இருந்தது.

திட்டியிருக்கலாம். ஒருத்தரும் திட்டவில்லை.
நான் சொன்ன இடத்தையே அழுத்தியிருக்கிறார்கள்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன்.
எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து
ஒரேயடியாய்க் கீழே தள்ள வழியுண்டு.
ஆனால் சில அம்புகள் சரியாக இருந்தன,
அவற்றைக் கெடுக்கக் கூடாது.
ஒவ்வொன்றாக. கீழ்நோக்கிய விசை, தட்டு, தட்டு, தட்டு.
இருபத்தாறாவது ஸ்லைடில் கரண்ட் போய்
பதினெட்டிலிருந்து மறுபடி.

கட்டத்தை இதுவரை
மவுஸ் முனை கொள்ளும் அளவுக்கு வரைந்துவந்தேன்.
இந்த முறை
என் கட்டைவிரலைத் திரையில் வைத்துப் பார்த்து,
தேசப்பனுடையது இன்னும் அகலம் என்று
அரை விரல் கூட்டினேன்.

கிண்டி ஆபீசிலிருந்து நிவேதிதா மேடம் எழுதினார்:
'கட்டம் ரொம்பப் பெரிசு. பார்க்க நல்லா இல்லை.'

ஒவ்வொரு பொருளின் பெயருக்குப் பக்கத்திலும்
கடுகளவு பூட்டு ஒன்று உண்டு.
இத்தனை நாள் அதை நான் தொட்டதில்லை.

அழுத்தினேன்.
கீழே ஏதோ ஒரு டிரெய்லர் திரும்பியது.
மவுஸ் நடுங்கியது.
கட்டம் நகரவில்லை.